பாதியிலிருந்து படிப்பவர்

வடையைத் தின்று முடித்த பிறகுதான் ஜெயசுதா காகிதத்தைப் பிரிக்கிறார். எண்ணெய் ஊறிய ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, கிழிசலில் ஒட்டிக்கொண்டிருக்கும் முதல் வரியை எழுத்து எழுத்தாகப் பார்க்கிறார். பாதிக்குப் பாதி அறுபட்டு நிற்கும் அந்த வரியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்க்கிறார். போன புரட்டாசி வரைக்கும் அவர் அதைச் சட்டை செய்ததே இல்லை. அதற்கடுத்த முழு வரியில் தொடங்கி, காகிதம் முடிகிற இடத்தில் நிறுத்திவிடுவார். யார் யாரை எதற்காக வெட்டினார்கள் என்று தெரியாமலே, வெட்டுப்பட்டவர் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொள்வார்.

வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. பெரம்பலூரில் துறையூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி வீடு. எதையும் தொடக்கத்திலிருந்து தொடங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சின்ன வெங்காயம் வாங்கப் போனால் மூட்டையின் வாயைப் பார்க்கமாட்டார். முழங்கை மறைகிற அளவுக்கு உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். "மேல நல்லதா அடுக்கி வெச்சிருப்பான். நடுவுல கைய வுட்டாத்தான் மூட்டையோட லட்சணம் தெரியும்" என்பார். தொலைக்காட்சியில் படம் ஓடினால் இடைவேளைக்குப் பிறகுதான் வந்து உட்காருவார். அதுவரைக்கும் என்ன நடந்தது என்று யாரும் சொல்லக்கூடாது. கெட்டவன் யார் என்பதை அவன் சட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடுவதாகப் பெருமை.

கணவர் ராஜேஷ் இதற்கு நேரெதிர். அரியலூர் சிமெண்ட் லாரிகளுக்கு டயர் விற்கும் கடை ஒன்றில் வேலை. கல்யாணப் பத்திரிகை வந்தால் பிள்ளையார் சுழியில் தொடங்கி, அடியில் இருக்கும் அச்சகத்தின் போன் நம்பர் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்று வாயைத் திறப்பார். மருந்துக் குப்பியோடு வரும் பொடி எழுத்துச் சீட்டைக்கூட விடமாட்டார். இந்த இரண்டு பேரும் ஒரே பேப்பரை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை.

ஜெயசுதாவின் பழக்கம் தொழிலிலிருந்து வந்ததா, பழக்கத்துக்கேற்ற தொழில் வாய்த்ததா என்று சொல்வது கடினம். திருச்சியில் இருக்கும் ஒரு கண் மருத்துவ அறக்கட்டளைக்கு அவர் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். ஊர் ஊராக முகாம் போட்டு, கண்புரை இருக்கிறவர்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, வேன் அனுப்பி அழைத்துப்போய், இலவசமாக அறுவை செய்து திருப்பிக் கொண்டுவந்து விடுகிற இடம் அது. எத்தனையோ மாவட்டங்களில், எத்தனையோ ஆண்டுகளாக நடந்த முகாம்களில் பார்த்த ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வரி. அத்தனை வரியும் ஒரே எழுத்துக் கோப்பில் மாதம் ஒரு முறை அவருக்கு வந்து சேரும். அதில் பெரம்பலூரும் அரியலூரும் இருக்கிற பகுதியை மட்டும் படித்து, அந்த மாதம் வேன் ஏற வேண்டியவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களுக்குப் போனில் தகவல் போகச் செய்வது ஜெயசுதாவின் பொறுப்பு.

முதல் மாதம் அவர் அந்தக் கோப்பை எல்லாரையும்போல இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார். திரை வெள்ளையாகி நின்றது. உலை வைத்தார், சாம்பாருக்குத் தாளித்தார், துணியை அலசி மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தார். அப்போதும் வெள்ளை. அவருடைய மடிக்கணினி கல்லூரியில் படித்த காலத்துக்குக் கொஞ்சம் பிந்தியது. ஒரு விசை கழன்று போய் அந்த இடத்தில் பொட்டு ஒட்டியிருக்கும். மேசை விசிறி எப்போதும் அவரைப் பார்க்காமல் அதைப் பார்த்துத்தான் சுழலும். அந்தக் கணினியின் நினைவகத்தைவிடக் கோப்பு மூன்று மடங்கு பெரிது. கடைசியில் பொத்தானை அமுக்கி அணைத்தார். அன்றிலிருந்து அவர் எந்தப் பெரிய கோப்பையும் முழுசாகத் திறப்பதில்லை.

பதிலாகப் பைத்தான் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டார். கோப்பின் எந்த இடத்தில் பெரம்பலூர் தொடங்குகிறது, எங்கே அரியலூர் முடிகிறது என்று அது முதலில் தடவிப் பார்க்கும். பிறகு நேரே அங்கே போய்க் குதிக்கும். முன்னால் இருக்கும் மாவட்டங்களை அது தொடுவதே இல்லை. எடுத்த பகுதியையும் ஒரே வாயில் விழுங்கினால் அந்தக் கிழட்டுக் கணினிக்கு மூச்சு முட்டும் என்பதால் நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றாகப் படிக்கும்.

நடுவில் போய்க் குதிப்பதில் ஒரு தொல்லை உண்டு. குதிக்கிற இடம் வரியின் தொடக்கமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பெயரின் நடுவில் விழலாம். ஒரு எழுத்தின் நடுவிலேயே விழலாம். கணினிக்குள் ஒரு தமிழ் எழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் இடுப்பில் போய் இறங்கினால் எழுத்து உடைந்து, கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். ஆகவே ஜெயசுதா தன் நிரலுக்கு இரண்டு கட்டளை கொடுத்திருந்தார். ஒவ்வொரு துண்டும், தன் கடைசி வரி பாதியில் நின்றால் எல்லையைத் தாண்டிப் போயாவது அதை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு துண்டும், தன் முதல் வரியைப் பார்க்காமல் தள்ளிவிட வேண்டும். அது எப்படியும் முந்தைய துண்டு முடித்து வைத்த வரியின் மிச்சம்தான். "கிழிஞ்ச வரிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுலேருந்து வரணும்" என்பார். வடைக் காகிதத்துக்கும் அதே சட்டம்தான்.

அவருடைய முகத்தை இரண்டு மாவட்டத்திலும் அநேகமாக யாருக்கும் தெரியாது. குரல் தெரியும். தகவல் சொல்ல ஆள் வைப்பானேன் என்று அவரே பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார். ராஜேஷின் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சந்தின் ஹாரன் சத்தம் விழாமல் பதிந்தது. "வணக்கம்ங்க. கண் ஆபரேஷனுக்கு உங்க பேரு வந்திருக்கு. வர்ற வியாழக்கெழமை காலைல வேன் வரும். வர்றதா இருந்தா ஒண்ண அமுத்துங்க." திருமானூரில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறவரும், எறையூரில் பஸ்ஸுக்கு நிற்கிறவரும் இந்தக் குரலைக் கேட்டு ஒன்றை அமுத்தியிருக்கிறார்கள். சிலர் பதிவு என்று தெரியாமல் "சரிம்மா, நீ சாப்ட்டியா" என்று விசாரித்ததும் உண்டு.

போன புரட்டாசியில் தகவல் போன மறுநாள், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் தேடி ஒரு போன் வந்தது. வரதராஜன்பேட்டையிலிருந்து அமலோற்பவமேரி.

"எதுத்த வூட்டுப் பொன்னம்மாளுக்குப் போனு வந்துருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாளு, ஒரே முகாமுல காட்டுனோம். எனக்கு மட்டும் ஏம்மா வரல?"

இப்படிப்பட்ட கேள்விகள் ஜெயசுதாவுக்குப் புதிதல்ல. கணினியில் பெயரை அடித்துத் தேடினார். அவர் பிரித்தெடுத்த பட்டியலில் இல்லை. "லிஸ்ட்ல உங்க பேரு இல்லக்கா. பொங்கலு கழிச்சு மறுபடி முகாம் போடுவாங்க, அதுல வந்து காட்டுங்க" என்று வழக்கமான பதிலைச் சொன்னார்.

அமலோற்பவமேரி சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. அன்னிக்கு நான் நர்சுகிட்டச் சண்ட போட்டேன். கண்ணுல மருந்த ஊத்திட்டு மத்தியானம் வரைக்கும் ஒக்கார வெச்சுட்டாங்க. ஆள மறந்துட்டீங்களாடின்னு கேட்டுட்டேன். அதான் பேர அடிச்சுட்டாங்க. வாயி சும்மா இருந்துருக்கலாம். வெச்சுடறேன்."

அவருக்கு ஐம்பத்தேழு வயது. முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை. நெடுங்காலமாகப் பருப்பைத் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவர். முழுப் பருப்பு ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், கருகியது ஒரு பக்கம். கண்ணில் புரை விழுந்த பிறகு உடைந்ததும் முழுசும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. மேசையிலிருந்து எழுப்பி, கொட்டையின் ஓட்டை உடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் விரல் வெந்து தோல் உரியும். கண் தெரிந்தால் மேசை, தெரியாவிட்டால் எண்ணெய். இவ்வளவையும் அவர் அந்தப் போனிலேயே சொல்லியிருந்தார், வெச்சுடறேன் என்று சொன்ன பிறகு.

ஜெயசுதாவின் மனசு கேட்கவில்லைதான். ஆனால் அவர் நிரலை நம்பினார். மூன்று வருடமாக அதில் ஒரு பிழையும் தெரிந்ததில்லை. பெயர் இல்லையென்றால் இல்லை. யாராவது மருத்துவர் வேண்டாமென்று குறித்திருப்பார், இரத்த அழுத்தம் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு துவரம்பருப்பு வேகவைக்கப் போனார்.

அன்று சாயங்காலம் ராஜேஷ் வடை வாங்கிக்கொண்டு வந்தார். ஜெயசுதா தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்து, வழக்கம்போல இரண்டாம் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினார். ஏதோ ஒரு ஊரில் யாரோ காணாமல் போய், மூன்றாம் நாள் மாமியார் வீட்டில் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி. ராஜேஷ் எட்டிப் பார்த்தார்.

"ஏன் ரெண்டாவதுலேருந்து படிக்கிற? மேல ஒரு வரி முழுசா இருக்குதுல்ல?"

"அது கிழிஞ்ச வரிங்க."

"எங்க கிழிஞ்சிருக்கு? கடக்காரன் ஸ்கேல வெச்சுக் கிழிச்ச மாதிரி வரிக்கு மேல அழகாக் கிழிச்சிருக்கான். காணாமப் போனவன் பேரே அந்த வரியிலதான் இருக்கு."

ஜெயசுதா பார்த்தார். இருந்தது. ஒரு எழுத்துகூடச் சேதமில்லாமல், கிழிசலுக்கு நேர் கீழே, முழு வரி. கிழித்த இடமும் வரி தொடங்குகிற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவர் அதைப் பார்க்கவே இல்லை. முதல் வரி என்பதற்காகத் தாண்டிவிட்டார்.

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய்க் கணினியைத் திறந்தார். நான்கு துண்டின் வெட்டு வாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது வெட்டில் இருந்தார் அமலோற்பவமேரி. வரதராஜன்பேட்டை, வலது கண், முற்றிய புரை, அறுவைக்குத் தகுதி. அவருடைய வரியின் முதல் எழுத்தும் மூன்றாவது துண்டின் முதல் எழுத்தும் ஒன்றே. இரண்டாவது துண்டு, தன் கடைசி வரி ஒழுங்காக முடிந்துவிட்டதால், எல்லையைத் தாண்டாமல் நிம்மதியாக நின்றுவிட்டது. மூன்றாவது துண்டு, கட்டளைப்படி தன் முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டது. இரண்டும் சொன்ன சொல் தவறவில்லை. நடுவில் ஒரு மனுஷி போய்விட்டார். இத்தனை வரிகளில் அறுபட்டு நின்ற பாதி வரிக்காரர்களெல்லாம் பத்திரமாகக் கரையேறியிருக்க, சரியான இடத்தில் சரியாக நின்றவர் மட்டும் விழுந்திருந்தார்.

சரிசெய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குதிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு எட்டு பின்னாலேயே இறங்கச் சொன்னார். பின்னால் இருப்பது வரியின் முடிவு என்றால், முன்னால் இருப்பது முழு வரி; தள்ளக்கூடாது. மாற்றியது இவ்வளவுதான். அதை மூன்று வருடத்துக்கு முன்பே போட்டிருக்கலாம் என்ற எண்ணம்தான் அவரை நாற்காலியைவிட்டு எழ விடவில்லை.

முகாம்களை ஏற்பாடு செய்கிற அறிவரசன் அரியலூரில் இருக்கிறார். ஜெயசுதா அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அவர் நல்ல மனிதர், யாரையும் நோகவிடமாட்டார். "வுடும்மா. கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு போட்டுக்கலாம்."

"கம்ப்யூட்டரு நான் சொன்னதத்தான் சார் செஞ்சுது. தப்பாச் சொன்னது நானு."

"சரி, இப்ப என்ன பண்றது? வேன்ல எடம் இருக்கும். திருச்சில பெட்டு இல்லையே. இந்த வேன்ல வரலன்னா சிஸ்டத்துல வரவில்லைன்னு விழுந்துடும். அப்புறம் பொங்கலு கழிச்சு முகாம்ல மொதல்லேருந்து வரணும். அதான் ரூல்ஸு."

"யாராச்சும் ஒருத்தருக்குச் சுகரு எறங்காமத் திருப்பி அனுப்புவாங்கள்ல சார், மாசா மாசம்?"

அறிவரசன் யோசித்தார். "அனுப்புவாங்க. ஆனா நான் வாக்குக் குடுக்க மாட்டேன். வந்தா வரட்டும்."

வரவில்லை என்ற சொல் ஜெயசுதாவைப் பிடித்துக்கொண்டது. அலமாரியில் புடவைகளுக்கு அடியில் பழைய மாதங்களின் கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருந்தார். எடுத்து, ஒவ்வொரு மாதத்தின் வெட்டு வாயையும் பார்க்கச் சொல்லி இன்னொரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டார். வெட்டு சரியாக வரியின் தலையில் விழுவது அபூர்வம். ஒன்றுமே வராது என்றுதான் நினைத்தார். ஒன்று வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ரஞ்சன்குடி, காசிநாதன், இரண்டு கண்ணிலும் புரை. அந்த மாதக் கடைசியில் அவருடைய பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று விழுந்திருந்தது. அதற்குப் பிறகு கோப்பில் அவர் பெயரில் ஒரு வரியும் இல்லை. எண்ணுக்குப் போன் செய்தால், உபயோகத்தில் இல்லை என்று இன்னொரு பெண்ணின் பதிவுக் குரல் சொன்னது. ரஞ்சன்குடியில் விசாரிக்கச் சொன்னதில், அந்தப் பெயரில் ஒருவர் கோழிப்பண்ணையில் காவலுக்கு இருந்தாரென்றும், பண்ணையை மூடியதும் எங்கோ போய்விட்டாரென்றும் தெரிந்தது. கண் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

ஜெயசுதா அழுதார். ராஜேஷ் விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு ஜெயசுதா வரதராஜன்பேட்டைக்குப் போன் செய்தார். "வணக்கம்ங்க" என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், எதிர்முனையில் அமலோற்பவமேரி ஒன்றை அமுத்தினார். மறுபடியும் அமுத்தினார். விட்டுவிட்டு அமுத்திக்கொண்டே இருந்தார். காதில் கீங்கீங்கென்று அடித்தது.

"அக்கா, அமுத்தாதீங்க! பதிவு இல்ல, நாந்தான் பேசறேன், ஜெயசுதா."

"நீயாம்மா? வேனு வருதுங்கறியா?"

"வருது. வியாழக்கெழம காலைல, கோயில் வளைவுகிட்ட. பெட்டு இன்னும் உறுதியாகல, ஆனா நீங்க வாங்க."

அமலோற்பவமேரியின் குரல் மாறியது. "பாவப்பட்டுக் கூப்புடறியா? அப்புடி வரமாட்டேன். அந்த நர்சு என்னப் பாத்துச் சிரிக்கும். பேரு இருந்தாச் சொல்லு, வரேன்."

"பேரு இருக்குக்கா. மொதல்லேருந்தே இருக்கு. யாரும் அடிக்கல. சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஒரு எடத்துல வெட்டுனேன், அந்த வெட்டுல நீங்க நின்னுட்டீங்க."

"வெட்டுனியா? என்னத்த வெட்டுன?"

ஜெயசுதா விளக்கிப் பார்த்தார். துண்டு, எல்லை, முதல் வரி. பாதியிலேயே அமலோற்பவமேரி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? சண்ட போட்டதுக்காக இல்லன்னு சத்தியமாச் சொல்றியா?"

"சத்தியமாக்கா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை முதல் பஸ் பிடித்து ஜெயசுதா அரியலூர் போய்ச் சேர்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த வேனை அவர் பார்த்ததில்லை. ஓட்டுநர் குருநாதன், பின்கண்ணாடியில் சின்ன எலுமிச்சம்பழம் கட்டியவர், "நீங்கதான் ஒண்ண அமுத்துங்கவா?" என்று கேட்டுவிட்டு முன் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். ஆண்டிமடத்தில் ஏற்றிக்கொண்டு வரதராஜன்பேட்டை வந்தார்கள். கோயில் வளைவருகே அறிவரசன் இறங்கி, முன்பே அச்சடித்திருந்த பட்டியலைக் கையில் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பொன்னம்மாள் ஏறினார். இன்னும் நான்கு பேர் ஏறினார்கள். பட்டியல் முடிந்தது. ஜெயசுதா கண்ணாடி வழியாகத் தேடினார். யார் அமலோற்பவமேரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? போனைப் போட்டார், மணி அடித்தது, எடுக்கவில்லை.

"ரோஷக்காரங்களா இருப்பாங்கம்மா. வரல போலருக்கு" என்றார் அறிவரசன். "எடுங்கண்ணே, ஜெயங்கொண்டத்துல காத்துருக்காங்க."

வேன் நகர்ந்தது. வளைவைத் தாண்டியது.

"அண்ணே, நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால எடுங்க."

"பின்னால லாரி வருதும்மா."

"ஒரு எட்டு எடுத்தாப் போதும்ணே."

குருநாதன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். ஜெயசுதா கதவைத் திறந்து இறங்கினார். வளைவின் தூணை ஒட்டி, வேனின் கண்ணாடியில் விழாத இடத்தில், துவைத்து மடிப்புக் கலையாத புடவையும் மஞ்சள் பையுமாக ஒரு பெண் நின்றிருந்தார். விரல் நுனிகள் கறுத்திருந்தன. பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அமலோற்பவமேரி" என்று ஜெயசுதா கூப்பிட்டார். போனில் வரும் அதே குரலில், முழுப் பெயரையும்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்தார். குரல் வந்த திசையைப் பார்த்து, புரை விழுந்த கண்ணைச் சுருக்கி, நிதானமாக நடந்து வந்தார். "அந்த சாரு படிச்சாரு. எம் பேரு வரல. பேரு வராம எப்புடி ஏறுறது?" என்றார். பிறகு ஏறி, பொன்னம்மாளைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

அந்த வாரம் திருச்சியில் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அவருக்குரிய படுக்கை அமலோற்பவமேரிக்குக் கிடைத்தது. தையில் அவர் கொட்டகையில் மறுபடி மேசைக்கு வந்துவிட்டார். உடைந்தது ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம். மாதம் ஒரு முறையாவது ஜெயசுதாவுக்குப் போன் செய்து, சமைத்தாயா, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றை அமுத்திவிட்டு வைக்கிறார்.

ஜெயசுதா இப்போதும் படத்தை இடைவேளைக்குப் பிறகுதான் பார்க்கிறார். வெங்காய மூட்டையில் இப்போதும் நடுவில்தான் கை. பெரிய கோப்பை முழுசாகத் திறப்பதும் இல்லை. அந்தக் கணினி தாங்காது. வடைக் காகிதத்தின் முதல் வரியைத் தவிர, புதிதாக வந்து சேர்ந்த பழக்கம் ஒன்றுதான். மாதா மாதம் வேன் வருகிற வியாழக்கிழமை அவரும் அதில் போகிறார். யாரும் போகச் சொல்லவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. அரியலூர்ப் பக்கம் முடித்துவிட்டு வேன் பெரம்பலூர்ப் பக்கம் வரும். அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசியாக நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடி நிறுத்தத்தில் நிற்கும். சில மாதம் அந்த ஊரில் ஏற ஆளே இருக்காது. அப்போதும் குருநாதன் வண்டியை அங்கே திருப்பி நிறுத்துகிறார். கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

ஜெயசுதா இறங்குகிறார். பட்டியல் இருக்கையிலேயே கிடக்கிறது. நிறுத்தத்தில் நிற்கிறவர்களையும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு, இரண்டு மாவட்டத்துக்கும் தெரிந்த அந்தக் குரலில், "காசிநாதன்" என்று ஒரு முறை கூப்பிடுகிறார். ஒரு லாரி போய் முடிகிற வரைக்கும் நிற்கிறார். பிறகு ஏறிக் கதவைச் சாத்துகிறார்.